மேல்தோலுக்கு ஒரு உத்தியோகம்

1. வெங்காயம் உரித்த நேரம்

பெரிய இன்ஜினியர் சனிக்கிழமை மலைக்கு வருகிறார், அவருக்குப் பழம் வைத்த பேஸ்ட்ரி செய்து வைக்க வேண்டும் என்று எங்கள் கேம்ப் அசிஸ்டென்ட் இன்ஜினியர், அதாவது ஏ.இ., வந்து சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் வழிந்த தண்ணீருக்கு வெங்காயம்தான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரோடு தானாக முளைக்கவில்லை. அறுபதுகளில் அதை வெட்டிக்கொண்டிருந்தபோது பாறைக்கு வெடிமருந்து வைக்கிறவர்கள், ஜல்லி உடைக்கிறவர்கள், செயின் பிடிக்கிறவர்கள், லெவல் பார்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே மலையில் கேம்ப் போட்டுக் கிடந்தது. ‘ரோடு வெட்டினேன்’ என்று பெருமையடித்துக்கொள்ள அவர்கள் எல்லோருக்கும் பாத்தியதை உண்டு. நான் வெட்டியது வெங்காயமும் கத்தரிக்காயும். அந்த கேம்ப்புக்கு நான்தான் குக்.

குக் என்றால் சர்க்கார் குக் என்று எண்ணிவிட வேண்டாம். நான் மஸ்டர் ரோல் ஆள். வேலை செய்த நாளுக்குக் கூலி, மழை பெய்து வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். சேந்தமங்கலத்தில் என் மாமன் தன் பெண்ணை எனக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதோடு, “நெரந்தர வேலைன்னு ஒண்ணு ஆவட்டும் மாப்பிள்ளை, அப்பறம் பந்தக்கால் நடலாம்” என்றும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை என்று கூப்பிடுவார், பந்தக்காலை மட்டும் நடமாட்டார்.

ஏ.இ. நல்ல மனிதர். முன்னாடி உட்கார்ந்து விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

“முத்துசாமி, இந்த கேம்ப்புக்கு ஒரு பர்மனென்ட் குக் போஸ்ட் சாங்ஷன் ஆகியிருக்கு. ஒண்ணே ஒண்ணு. பெரிய ஐயா சாப்பிட்டுப் பார்த்து சரின்னா உனக்கு. இல்லேன்னா கீழேயிருந்து வேற ஆளைப் போட்டுடுவார். நீ ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில பட்லர்கிட்ட வேலை பழகினவன்னு சொல்லி வச்சிருக்கேன். அவருக்கு அந்த பேஸ்ட்ரின்னா உசிரு.”

“எந்தப் பழம் வெச்சுங்க ஐயா?”

“ஆப்பிள்தான் வைப்பாங்க. இங்க என்ன கிடைக்குதோ வை.”

கொல்லிமலையில் ஆனி மாதம் என்ன கிடைக்கும்? தடுக்கி விழுந்தால் பலாப்பழத்தின் மேல்தான் விழ வேண்டும்.

2. ஊறிய கோரைப்பாய்

பேஸ்ட்ரியின் உயிர் மேல்மாவில் இருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த பட்லர் அதை வேதம் மாதிரி சொல்லுவார். மைதாவைப் பிசைந்து, தேய்த்து, நடுவில் வெண்ணெயை வைத்து மூடி, மடித்துத் தேய்க்க வேண்டும். சிறிது நேரம் குளிரில் வைத்து, மறுபடியும் மடித்துத் தேய்க்க வேண்டும். இப்படியே பல தடவை. வெண்ணெய் உருகாமல் அடுக்கடுக்காக உள்ளே நிற்க வேண்டும். உருகிவிட்டால் அதற்குப் பேர் பேஸ்ட்ரி இல்லை, சப்பாத்தி.

மலையில் ஐஸ் கிடையாது. ஆனால் ஓடைத் தண்ணீர் விடியற்காலையில் பல்லைக் கிட்ட வைக்கும். வெண்ணெயை மூடி போட்ட தூக்குச்சட்டியில் அடைத்து ஓடையில் கல் வைத்து நிறுத்தினேன். ஓவனுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, சுற்றிலும் களிமண் பூசி, கீழே ஒரு தணல், மேலே தகடு போட்டு அதன்மேல் ஒரு தணல் வைத்தேன். முதல் தடவை வெந்து வந்ததில் மண்ணெண்ணெய் மணந்தது. கேம்ப் நாய் மோந்து பார்த்துவிட்டு இரண்டு தும்மல் போட்டுப் போய்விட்டது. டின்னை வெறும் தணலில் நாள் முழுவதும் காய விட்ட பிறகுதான் அந்த நாற்றம் போனது.

இரண்டாம் தடவை மணம் சரியாக இருந்தது, பலகாரம்தான் சரியில்லை. பலாச்சுளையை அரிந்து சர்க்கரை போட்டு உள்ளே வைத்திருந்தேன். சுளை சூட்டில் தண்ணீர் விட்டு, நான் மடித்த மடிப்பையெல்லாம் ஊற வைத்துவிட்டது.

கேம்ப்புக்குத் தண்ணீர் எடுக்கிற வெள்ளையம்மா அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதை விரலால் தூக்கிப் பார்த்தாள். அவள் மலைக்காரி. சாமைக்காடும் நாலு பலா மரமும் வைத்துக்கொண்டு, காட்டில் வேலை இல்லாத நாளில் எங்களுக்குத் தண்ணீர் எடுக்க வருகிறவள். அவள் வாய்க்கு ஏ.இ.யே பயப்படுவார்.

“ஏந்தம்பி, இது பலகாரமுங்களா, ஊறவெச்ச கோரப்பாயிங்களா?”

“பழம் தண்ணி உடுதுக்கா. ஆப்பிளு இப்பிடி உடாது.”

“பழத்து மேல ஏனுங்க பழி போடறீங்க? பச்சையா உள்ளாற வெச்சா அது அழுவத்தான் செய்யும். அதை மொதல்ல அடுப்புல வெச்சு அழுவ உட்டுப்போடோணும். கண்ணீரு வத்துனதுக்கப்பறம் உள்ளாற வெய்யிங்க.”

எனக்கு ரோஷம் வந்தது. பங்களாவில் வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பரிமாறிய கையைப் பார்த்து ஒரு தண்ணீர் எடுக்கிறவள் சொல்லுவதா என்று இருந்தது. ஆனால் சனிக்கிழமையும் மாமனும் கண்முன் நின்றார்கள். “அப்ப நீங்களே பண்ணிக் காட்டுங்கக்கா” என்று கரண்டியை நீட்டினேன்.

அவள் செய்தது இதுதான். சுளையைப் பொடியாக அரிந்து, வெல்லத்தோடு சிறு தீயில் வைத்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை கிளறினாள். கடைசியில் மலைத்தேன் கொஞ்சம் விட்டாள். அதோடு நிறுத்தாமல் மடியிலிருந்து மிளகு எடுத்துத் தட்டிப் போட்டாள்.

“இனிப்புல போயி மொளகுங்களா?” என்றேன்.

“தின்னு பாருங்க. அப்பறம் மூஞ்சியச் சுளிங்க.”

தின்று பார்த்தேன். இனிப்பு முதலில் வந்தது. அது திகட்டப் போகிற சமயத்தில் மிளகு வந்து நாக்கைத் தட்டி எழுப்பி, அடுத்த வாய்க்குத் தயார் பண்ணியது. நான் மூஞ்சியைச் சுளிக்கவில்லை, இன்னொரு கரண்டி கேட்டேன்.

“உங்க ஆப்பிளு இப்பிடி இருக்குங்களா?” என்று கேட்டுவிட்டு, அடியில் தூவ வறுத்த சாமை மாவும் கொடுத்தாள். மிச்சம் இருக்கிற ஈரத்தை அது குடித்துக்கொள்ளும் என்றாள். அப்படியே குடித்துக்கொண்டது.

அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டோம். உள்ளே அவள், மேலே நான்.

3. பொட்டலம்

சனிக்கிழமை விடியுமுன் எழுந்து மாவைத் தேய்த்தேன். மலைக்குளிர் எனக்குச் சாதகமாக இருந்தது. சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் பழத்தை வைத்து, நாலு முனையையும் நடுவில் கூட்டி மடித்து, டின்னில் அடுக்கினேன். வெந்து வெளியே வந்ததைப் பார்த்து நானே மலைத்துப்போனேன். அடுக்கு அடுக்காகப் பிரிந்து, பொன் நிறத்தில், ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. ஏற்காட்டில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

வெள்ளையம்மா அக்கா எட்டிப் பார்த்து, “நம்ம எலப் பொட்டலமாட்டவே மடிச்சுப்போட்டீங்களே” என்றாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மலைக்காரர்கள் சாமை மாவில் பலாச்சுளையைப் பிசைந்து, வாழை இலையில் வைத்து, இதே மாதிரி நாலு முனையையும் மடித்து அவிப்பார்கள். தணலில் வாட்டுவதும் உண்டு. அப்போது இலை பழுத்துச் சிவந்துவிடும்.

அன்று விசேஷம் என்னவென்றால், பல மாதமாக மறித்துக்கொண்டிருந்த ஒரு பாறையை உடைத்து முடித்திருந்தார்கள். முதல் தடவையாக ஜீப் எங்கள் கேம்ப் வாசல் வரைக்கும் ஏறி வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, பெரிய இன்ஜினியருக்கு மாலை போட்டார்கள். கனத்த உடம்பு, வெள்ளை மீசை, சிரித்த முகம். வந்ததும் வராததுமாக மூக்கை உயர்த்தி, “வெண்ணெய் வாசனை வருதே” என்றார். கூடாரத்துக்குப் பின்னால் நின்ற எனக்குக் கல்யாண மேளமே கேட்டது.

ரோட்டுக்குத் தங்கள் காட்டில் இடம் விட்ட ஊர்க்காரர்களையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் ஊர்க்கவுண்டர். வயதானவர், தலையில் உருமால், கையில் தடி. பெரிய இன்ஜினியர் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் இலை போட்டு, இலைக்கு ஒரு பேஸ்ட்ரி வைத்தேன். “இது உங்க மலைப்பழம். நீங்க முதல்ல கை வைங்க” என்றார் பெரிய இன்ஜினியர்.

மலையில் மூத்தவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். கவுண்டர் பேஸ்ட்ரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் கூடியிருந்த முனையை நகத்தால் கெல்லினார். ஒவ்வொரு மடிப்பாகப் பொறுமையாக உரித்தார். உரித்ததை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்த பழத்தை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கண் பெரிய இன்ஜினியரின் கையில் இருந்தது. அவர் பேஸ்ட்ரியை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோயிருந்தார். கவுண்டரை ஒரு தடவை பார்த்தார். கையை இறக்கினார். பிறகு அவரும் உரித்தார். உசிரையே வைத்திருக்கிறார் என்று ஏ.இ. சொன்னாரே, அந்த மனிதர் உரித்தார். ஏ.இ. அதற்குள் ஒரு கடி கடித்துவிட்டிருந்தார். மேலதிகாரி உரிக்கிறதைப் பார்த்ததும், கடித்த மிச்சத்தை அவசரமாக இலையில் வைத்து, அதை வேறு உரித்தார்.

கவுண்டர் விரலை நக்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

“பழம் அமிர்தமாட்ட இருக்குதுங்க சாமி. என்ன, எலைதான் கொஞ்சம் கருகிப்போச்சு.”

“ஆமாங்க, இலை கொஞ்சம் கருகிடுச்சு” என்றார் பெரிய இன்ஜினியர்.

“இந்தப் பக்குவம் தெரிஞ்ச கையி இங்கயே இருக்கோணுங்க. கீழ அனுப்பிப்போடாதீங்க” என்று கவுண்டர் சிபாரிசும் செய்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று ஏ.இ. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை என் கை இல்லை. என் கை செய்ததெல்லாம் இலை ஓரத்தில் குப்பையாகக் கிடந்தது. சாப்பாடு முடிந்து இலையை எடுத்துப் போட்டபோது கேம்ப் நாய் ஓடி வந்து ஒரு தூள் விடாமல் தின்றது. அன்று என் வேலையை மதித்த முதல் ஆள் அதுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் தப்பு.

4. கைக்குட்டை

பெரிய இன்ஜினியர் திரும்பிப் போகிற நேரத்தில் அவருடைய வெற்றிலைப் பெட்டியை ஜீப்பில் வைக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் இல்லை. ஜீப்புக்கு அந்தப் பக்கம், பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பெரிய இன்ஜினியர் நின்றிருந்தார். உள்ளங்கையில் வெள்ளைக் கைக்குட்டை விரித்திருந்தது. அதில் அவர் உரித்த பேஸ்ட்ரித் தோல். ஒவ்வொரு அடுக்காக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். மீசை முழுவதும் தூள்.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“பார்த்துட்டியா?”

“இல்லீங்க ஐயா” என்றேன், பார்த்துக்கொண்டே.

“என்னப்பா பண்றது. அந்தப் பெரிய மனுஷன் உரிக்கிறார். பக்கத்துல உட்கார்ந்து நான் கடிச்சா, தான் தப்பாத் தின்னுட்டோம்னு சபையில கூசிப்போயிடுவார். ரோட்டுக்குக் காட்டையே விட்டுக்கொடுத்தவர். அதான் யாரும் பார்க்காம கைக்குட்டையில சுருட்டிட்டேன்.” கடைசி அடுக்கையும் வாயில் போட்டுக்கொண்டார். “மேல இருக்கறது உன் கைவேலை, ஏற்காட்டுப் பழக்கம் தெரியுது. உள்ள இருந்த பழம் யாரு கிண்டினது? அது ஏற்காடு இல்லியே.”

“வெள்ளையம்மா அக்காங்க. இங்க தண்ணி எடுக்கறவங்க.”

“அப்போ இங்கேயே இருக்கணும்னு கவுண்டர் சொன்ன கை?”

“அவங்க கைங்க.”

“அப்புறம் உனக்கு எதுக்குய்யா உத்தியோகம்?”

“தோலுக்குங்க” என்று வந்துவிட்டது என் வாயில்.

அவருக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பும் இருமலுமாக ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தார். பிறகு அவர் சொன்னது விளையாட்டு இல்லை.

“போஸ்ட் ஒண்ணுதான் இருக்கு. ஊர் சாட்சியா ஜெயிச்சது அந்தம்மாவோட பழம். அவங்களைப் போய்க் கேளு. வேணும்னு சொன்னா அவங்களுக்குத்தான். வேண்டாம்னா உனக்கு. போய்ட்டு வா, நிக்கறேன்.”

ஜீப்பிலிருந்து சமையல் கொட்டகை கூப்பிடு தூரம்தான். அன்று அது காரவள்ளிக்கு நடந்துபோகிற தூரமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும் சாமி என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவள் செய்ததுதான் ஜெயித்தது என்று தெரிந்தும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளையம்மா அக்கா அடுப்போரத்தில் உட்கார்ந்து, நான் எடுத்துவைத்திருந்த பேஸ்ட்ரியைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த மலையில் அதை உரிக்காமல் முழுசாகத் தின்றவள் அவள் ஒருத்திதான். நான் மடித்ததைப் பார்த்தவள் அல்லவா.

“பொருபொருன்னு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. அங்க எல்லாரும் உரிச்சுப்போட்டாங்களாமே?”

“அதை உடுங்கக்கா. ஒரு சேதி. கவர்மெண்டு வேலை, நெரந்தரம். பழத்துப் பக்குவத்துக்காவ உங்களுக்குக் குடுக்கறாங்களாம். வேணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு பெரிய ஐயா.”

அவள் அவசரப்படவில்லை. ஒரு வாய் கடித்து மென்றாள்.

“சம்பளம் மாசாமாசமுங்களா?”

“ஆமாங்கக்கா.”

“மழ பேஞ்சு வேல நின்னாலும்?”

“நின்னாலும்.”

“அட, நல்ல வேலையா இருக்குதே” என்று இன்னொரு வாய் கடித்தாள். மாமன் மகள் சேந்தமங்கலத்தில் வேறு யாருக்கோ மாலை போடுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. “ஏந்தம்பி, உங்களுக்கு ஏனுங்க இப்பிடி வேர்க்குது?”

“அடுப்புச் சூடுங்கக்கா.”

“அடுப்பு அணஞ்சு நேரமாச்சுங்களே.” சிரித்துக்கொண்டாள். “செரி, ரோடு முடிஞ்சுபோச்சுன்னா என்ன பண்ணுவாங்க?”

“வேற எடத்துக்கு மாத்துவாங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போவோணும்.”

“பொட்டியில எஞ் சாமக்காடு புடிக்குங்களா? நாலு மரத்தையும் மடிச்சு வெச்சுக்க முடியுங்களா?” கையில் இருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். “எனக்கு வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. பழத்தை அழுவ உடாமப் பச்சையா உள்ளாற வெக்கற குக்குன்னு எங்கியாச்சும் பேரு வாங்குனீங்கன்னா, மலைய உட்டு எறங்கி வந்து கேப்பேன்.”

நான் அவள் காலில் விழப் போனேன். “மாவுக் கையோட தொடாதீங்க, சீலை பாழாப்போவும்” என்று தள்ளி நின்றுகொண்டாள்.

ஜீப்புக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன் என் முகத்தைப் பார்த்தே பெரிய இன்ஜினியருக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாம்னுட்டாங்களா? உனக்கு அதிர்ஷ்டம். எங்களுக்கு அரை அதிர்ஷ்டம்தான். தோல் மட்டும் தெரிஞ்ச குக்கை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? ரோடு முடியறவரைக்கும் உன்னை மாத்தமாட்டேன். அந்தம்மாகிட்ட மீதிப் பாதியைக் கத்துக்க” என்றார். ஜீப் கிளம்பும்போது கைக்குட்டையை உதறினார். அதில் ஒன்றும் மிச்சமில்லை.

உத்தரவு வந்தது. மாமன் பந்தக்கால் நட்டார். ரோடு முடியும்வரை வெள்ளையம்மா அக்காவிடம் திட்டு வாங்கி, பலா, மலைவாழை, கொய்யா என்று ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் அழவிட வேண்டும் என்று படித்துக்கொண்டேன். பிறகு டேம் வேலை, பாலம் வேலை என்று எத்தனையோ கேம்ப்புக்குப் பெட்டியைத் தூக்கினேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் பாடம் ஒன்றுதான். போன ஊரில் முதல் நாள் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன், தண்ணீர் எடுக்க வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “உங்க ஊருல என்ன பழமுங்க, அதை என்ன பண்ணித் திம்பீங்க?” என்று கேட்க வேண்டும். நான் கடைசி வரை கேட்டேன். உள்ளே வைப்பதற்கு ஊரில் எல்லோரிடமும் யோசனை கேட்டிருக்கிறேன். மேல்தோலுக்கு மட்டும் யாரையும் கேட்டதில்லை.